செருப்பில்லாமல் நடக்க ஒரு கடற்கரை வேண்டும், எந்த நாட்டுக்குப் போகலாம்?

திருவொற்றியூர்க்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருஷமாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், இன்றைக்குத்தான் முதல் தடவையாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா துறைமுகத்தில் 31 வருஷம் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். வயது 68, வலது முட்டி தகராறு. பிறந்தது வளர்ந்தது எல்லாம் திருவொற்றியூர் கடலோரம்தான். போன மாதம் ஒருநாள் சாயங்காலம் பேத்தியைக் கூட்டிக்கொண்டு எக்ஸ்பிரஸ் சாலைப் பக்கம் போயிருக்கிறார். அங்கே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும், கொட்டி வைத்த கருங்கல், அதற்கு அப்பால் தண்ணீர். "தாத்தா, பீச் எங்கே?" என்று பாப்பா கேட்டிருக்கிறாள். "இதான் பீச்சு" என்றிருக்கிறார். "இது கல்லு தாத்தா" என்று அவள் சொல்லிவிட்டாள். அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது மனுஷன் சொன்னார், "ஒரு தபா நல்ல மணல்ல செருப்பில்லாம நடக்கணும்டா. தண்ணி வரைக்கும் ஒரு கல்லு இருக்கக் கூடாது." என்னிடம் அவர் இதுவரை சட்டை துணி கூடக் கேட்டதில்லை, அதனால் இது மனதில் ஒட்டிக்கொண்டது.

ஐந்து பேர்: அப்பா, அம்மா, நான், மனைவி, ஏழு வயதுப் பெண். பொங்கலை ஒட்டி ஒன்பது நாள் லீவு போட முடியும். மூன்று, மிஞ்சினால் மூன்றரை லட்சம் வரை செலவழிக்கலாம். பாஸ்போர்ட் எல்லாருக்கும் இருக்கிறது, ஆனால் ஒருத்தரும் இதுவரை வெளிநாடு போனதில்லை.

மச்சான் "உலகின் அழகான கடற்கரைகள்" என்று ஒரு பட்டியல் அனுப்பினார். கிரீஸில் நவாஜியோ, ஐஸ்லாந்தில் ஒரு கறுப்பு மணல் கடற்கரை, தாய்லாந்தில் மாயா பே, ஆஸ்திரேலியாவில் வைட்ஹேவன், சீஷெல்ஸில் ஒன்று. போட்டோவில் எல்லாமே அள்ளுகிறது. ஆனால் முட்டி வலிக்கிற ஆளும் ஏழு வயதுக் குழந்தையும் இறங்கி நடக்கிற மாதிரி எது என்று அந்தப் பட்டியலில் இல்லை. நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள். மெரினாவுக்குக் கூட்டிப் போ என்று மட்டும் யாரும் சொல்லாதீர்கள், காணும் பொங்கலுக்கு அங்கே மணலே கண்ணுக்குத் தெரியாது, தண்ணீரில் கால் வைக்க விடாமல் தடுப்பு வேறு கட்டிவிடுவார்கள்.

ராயபுரம்_கப்பல்காரன்:

தம்பி, நான் சரக்குக் கப்பலில் என்ஜின் ரூமில் 22 வருஷம் இருந்தவன். துறைமுகத்தில் கப்பல் நிற்கும்போது கிடைக்கிற அரை நாள், ஒரு நாளில் பார்த்ததுதான் என் கடற்கரை எல்லாம். அதற்கு மேல் தெரியாத இடங்களுக்கு என் வீட்டுக்காரம்மாவோடு ஓய்வுக்கு அப்புறம் போனேன். உன் மச்சான் பட்டியலை முதலில் ஒரு வழி பண்ணுகிறேன்.

நவாஜியோ: மூன்று பக்கமும் செங்குத்தாக வெள்ளைப் பாறை, நடுவில் மணலில் துருப்பிடித்துக் கிடக்கிற ஒரு கப்பல், 1980இல் தரை தட்டியது. பார்க்க அழகுதான். ஆனால் அந்தப் பாறை சரிகிற பாறை. 2018இல் சரிந்து ஆட்களுக்கு அடிபட்டது, அப்புறம் இறங்கவே தடை போட்டார்கள். மேலே இருந்து போட்டோ எடுக்கிற இடம். உன் அப்பாவுக்கு மேலே நின்று பார்ப்பது கிரேனில் ஏறிப் பார்ப்பது மாதிரிதான் இருக்கும், அதை அவர் 31 வருஷம் பார்த்துவிட்டார்.

ஐஸ்லாந்து கறுப்பு மணல் என்றால் அது ரெய்னிஸ்ஃப்யாராவாக இருக்கும். எரிமலைக் குழம்பு ஆறி உடைந்த மணல். அங்கே அலை அமைதியாக இருக்கிற மாதிரியே இருந்துவிட்டு, திடீரென்று ஒன்று மட்டும் இருபது முப்பது அடி உள்ளே ஏறி வந்து ஆளை இழுத்துக்கொண்டு போகும். செத்தவர்கள் இருக்கிறார்கள். எச்சரிக்கைப் பலகையும் விளக்கும் வைத்திருக்கிறார்கள். பொங்கல் சமயத்தில் அங்கே பகலே ஐந்தாறு மணி நேரம்தான். குழந்தையோடு வேண்டவே வேண்டாம்.

மாயா பே, ஒரு ஹாலிவுட் படத்தால் பேர் வாங்கி, அந்தப் பேராலேயே சீரழிந்த இடம். ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் ஜனம், படகு நங்கூரம் விழுந்து விழுந்து பவளம் செத்துப்போய், 2018 ஜூனில் மூடினார்கள். 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். இப்போது படகு முன்பக்கம் வராது, பின்பக்கம் இறக்கிவிட்டு மரப் பாலத்தில் நடந்து வர வேண்டும். முழங்கால் அளவு தண்ணீருக்கு மேல் போக விட மாட்டார்கள், நீச்சல் கிடையாது. மூடி வைத்ததில் ஒரு நல்லது, சின்னச் சுறாக்கள் கரையோரமாகத் திரும்பி வந்துவிட்டன. பார்க்கலாம், மணலில் ஒரு நாள் முழுக்க உட்கார முடியாது.

வைட்ஹேவன் நான் நேரில் பார்த்தது. கப்பல் குயின்ஸ்லாந்தில் நிலக்கரி ஏற்ற மாட்டிக்கொண்டபோது இரண்டு நாள் ஒழிந்தது. ஏழு கிலோமீட்டர் மணல், அதில் 98 சதவீதம் சிலிக்கா. மைதா மாதிரி இருக்கும், மிதித்தால் கீச்சென்று சத்தம் வரும், மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் காலைச் சுடாது. செருப்பில்லாமல் நடப்பதற்கு என்றே செய்த மணல், உன் அப்பாவின் வார்த்தைக்கு உலகத்திலேயே பொருத்தமான இடம் அதுதான் என்பேன். ஆனால் ஜனவரி அங்கே விஷ ஜெல்லி மீன் காலம், உடம்பு முழுக்க ஒரு உறை உடுப்பு போட்டுக்கொண்டுதான் தண்ணீரில் இறங்க வேண்டும். விசா, டிக்கெட் எல்லாம் சேர்த்தால் உன் மூன்றரை லட்சம் போகிற வழிக்கே சரியாகிவிடும்.

சீஷெல்ஸ் லா டீக் தீவில் ஆன்ஸ் சூர்ஸ் தார்ஜான் என்று வாயில் நுழையாத பேர். யானை படுத்த மாதிரி கருங்கல் பாறைகள், நம் எக்ஸ்பிரஸ் சாலைக் கல்லைப் போல லாரியில் வந்ததில்லை, கோடிக்கணக்கான வருஷமாக மழையும் காற்றும் வழவழப்பாக்கியது. தண்ணீர் இடுப்பளவுகூட இருக்காது. தீவில் எல்லோரும் சைக்கிளில்தான் போவார்கள். இந்தியருக்கு விசா தொல்லை கிடையாது. ஆனால் ஜனவரிதான் அங்கே மழை அதிகம், சாப்பாட்டு விலையைக் கேட்டால் பசி போய்விடும்.

எனக்குப் பிடித்தது எது என்றால், அழகுக்கு இல்லை, தென்னாப்பிரிக்காவில் சைமன்ஸ் டவுன் பக்கம் போல்டர்ஸ் பீச். கடற்கரையில் பென்குவின் நடக்கும். 1982இல் இரண்டே ஜோடி வந்து கூடு கட்டியது, இப்போது ஆயிரக்கணக்கில். நான் மணலில் உட்கார்ந்திருக்க, ஒன்று வந்து என் துண்டு மேல் நின்றது. தண்ணீர்தான் ஐஸ். அப்பாவை முட்டியோடு அதில் இறக்காதே.

காசிமேட்டுப்_பையன்:

சகோ, அவ்வளவு தூரம் எதற்கு, என்4 பீச்சுக்குக் கூட்டிட்டு வாங்க. கல் மேல் உட்கார்ந்து பார்த்தால் சூரிய உதயம் இலவசம். திரும்பும்போது கடம்பாவும் நெத்திலியும் வாங்கிட்டுப் போகலாம். விசாவும் வேண்டாம். சும்மா சொன்னேன், கோபப்படாதீங்க, பாப்பா சொன்னது எங்க ஏரியாவுக்கும் சேர்த்துத்தான்.

பெரம்பூர்_பயணி:

கப்பல்காரர் அண்ணா சொன்ன மாதம் விஷயத்தைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் நான் அதில்தான் ஏமாந்தேன். கடற்கரையைத் தேர்ந்தெடுக்கும்போது நாட்டைப் பார்க்காதீர்கள், மாதத்தைப் பாருங்கள். ஒரே நாட்டுக்குள்ளேயே இந்தக் கரை சிரிக்கும், அந்தக் கரை அழும்.

நாங்கள் இலங்கைக்குப் போனது டிசம்பர் கடைசியில். திருகோணமலைக்குப் பக்கத்தில் நிலாவெளி, பேரிலேயே மயங்கிப் போய் ஐந்து நாள் ரூம் போட்டோம். வடகிழக்குப் பருவமழை நமக்கு மட்டுமா? அவர்கள் கிழக்குக் கரைக்கும் அதே மழைதான். ஐந்து நாளில் மூன்று நாள் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துக்கொண்டு கேரம் விளையாடினோம். ரூம் கொடுத்த பையன் தமிழ்தான், "அக்கா, மே மாசம் வந்திருக்கலாமே" என்று மூன்றாவது நாள் சொன்னான். முதல் நாளே சொல்லியிருக்கலாம், என்ன செய்வது, அவனுக்கும் சீசன் இல்லாத நேரம்.

மழை விட்ட ஒருநாள் பாசிக்குடா வரை போனோம், மட்டக்களப்புப் பக்கம். ஐயோ, அந்த இடம்! குதிரை லாடம் மாதிரி வளைந்த விரிகுடா, எவ்வளவு தூரம் உள்ளே நடந்தாலும் முட்டிக்கு மேல் தண்ணீர் ஏறவில்லை. என் மாமியார் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்து போனவர், திரும்பிப் பார்த்தால் நாங்கள் புள்ளியாகத் தெரிகிறோம் என்று பயந்து திரும்பி வந்தார். உங்கள் அப்பாவுக்கு அது சரியாக இருக்கும், ஆனால் மே முதல் செப்டம்பர் வரை. ஜனவரி என்றால் தெற்குக் கரை, உனவட்டுன, மிரிஸ்ஸ பக்கம். மிரிஸ்ஸவிலிருந்து படகில் போய்த் திமிங்கிலம் பார்க்கலாம், நீலத் திமிங்கிலமே வரும். அலை மட்டும் கொஞ்சம் முரட்டு அலை.

இதே கணக்கு தாய்லாந்துக்கும். ஜனவரியில் மேற்குப் பக்கம், கிராபி, புக்கெட் எல்லாம் நன்றாக இருக்கும். கிராபியில் ரெய்லே என்று ஒரு இடம், பின்னால் சுண்ணாம்புப் பாறை சுவர் மாதிரி எழுந்து நிற்கும், சாலையே கிடையாது, படகில்தான் போக வேண்டும். அந்தப் படகில் ஏற முழங்கால் தண்ணீரில் நின்று காலைத் தூக்கிப் போட வேண்டும். என் அம்மாவை இரண்டு பேர் அலேக்காகத் தூக்கி ஏற்றினார்கள், அவர் வெட்கத்தில் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. முட்டி வலிக்காரரைக் கூட்டிப் போகிறவர்கள் படகு எங்கே அணைகிறது, பாலம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும், இதை எந்த விளம்பரத்திலும் போட மாட்டார்கள். விசா விதியும் அடிக்கடி மாறுகிறது, கிளம்புவதற்கு முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணூர்_முகத்துவாரம்:

எல்லோரும் வெளிநாட்டுக்குப் பெட்டி கட்டுகிறீர்கள், கட்டுங்கள். பாப்பா கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். பீச் எங்கே? மெரினாவில் இருக்கிறது.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நம் கரையில் மணல் ஓர் இடத்தில் உட்கார்ந்திருக்காது. வருஷத்தில் பெரும்பாலான மாதம் தெற்கிலிருந்து வடக்கே நகரும், வாடைக் காலத்தில் கொஞ்சம் திரும்பி வரும், கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். 1870களில் துறைமுகத்துக்கு அலைத் தடுப்புச் சுவரைக் கடலுக்குள் நீட்டினார்கள். வடக்கே வந்துகொண்டிருந்த மணல் அந்தச் சுவரில் முட்டி, தெற்குப் பக்கமே குவிய ஆரம்பித்தது. அதற்கு முன்னால் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குக் கிட்டத்தில் கடல் இருந்தது, மெரினா என்பது ஒரு சேற்றுப் பட்டை. மணல் சேரச் சேர அகலமாகி, 1880களில் கிராண்ட் டஃப் என்ற கவர்னர் அங்கே உலாவும் பாதை போட்டு மெரினா என்று பேர் வைத்தார். உலகத்தின் நீளமான நகர்ப்புறக் கடற்கரைகளில் ஒன்று என்று நாம் பெருமை பேசுகிற மணல், ராயபுரத்துக்கும் காசிமேட்டுக்கும் தண்டையார்பேட்டைக்கும் திருவொற்றியூருக்கும் வர வேண்டிய மணல். இங்கே வரவு நின்றது, செலவு நிற்கவில்லை. கடல் தெருத் தெருவாகத் தின்றது. அப்புறம் கல் கொட்டினார்கள், தூண்டில் வளைவு என்று கடலுக்குள் நீட்டிய கல் சுவர் போட்டார்கள். தூண்டில் வளைவு போட்ட இடத்தில் கொஞ்சம் மணல் சேரும், அதற்கு வடக்கே இருக்கிற குப்பத்துக்காரன் வீடு போகும். அவன் அவனுக்கு ஒரு வளைவு கேட்பான். இப்படியே எண்ணூர் வரை வந்துவிட்டது. அந்தப் பக்கம் புதுத் துறைமுகங்கள் வந்ததும் அதே கதை பழவேற்காட்டை நோக்கிப் போகிறது. 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து முகத்துவாரம் முழுக்கப் படிந்ததை நான் எழுத ஆரம்பித்தால் இந்த இழை வேறு பக்கம் போய்விடும், விடுகிறேன்.

ஆஸ்திரேலியா என்றதும் எனக்கு ஞாபகம் வருவது வைட்ஹேவன் இல்லை, கோல்டு கோஸ்ட். அங்கேயும் அச்சு அசலாக இதே பிரச்சினை. ட்வீட் என்ற ஆற்று வாயில் 1960களில் சுவரை நீட்டினார்கள், தெற்கே மணல் குவிந்தது, வடக்கே சுற்றுலாக் கடற்கரைகள் கரைந்தன. அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சுவருக்குத் தெற்கே கடலுக்குள் ஒரு நீளப் பாலம் கட்டி, அதிலிருந்து மணலை உறிஞ்சி, ஆற்றுக்கு அடியில் குழாய் போட்டு வடக்கே கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். 2001இலிருந்து இன்று வரை. அந்த மணலால் உண்டான அலையில் சறுக்குவதற்கு இப்போது உலகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஆக, மணலைத் தாண்டவைக்க முடியாது என்பதெல்லாம் இல்லை. புதுச்சேரியிலேயே கடலுக்கடியில் ஒரு தடுப்பை இறக்கிக் கொஞ்சம் மணலைத் திரும்ப வரவைத்தார்கள், அதை வடிவமைத்தது நம் பள்ளிக்கரணையில் இருக்கிற கடல் தொழில்நுட்ப நிறுவனம். பள்ளிக்கரணைக்கும் திருவொற்றியூருக்கும் ஒரு மணி நேரம்.

நீங்கள் கேட்ட கேள்விக்கு: எனக்கு வெளிநாடு தெரியாது சார். நான் கடைசியாகச் செருப்பில்லாமல் நடந்தது பழவேற்காட்டுப் பக்கம்.

ராயபுரம்_கப்பல்காரன்:

எண்ணூர்க்காரர் சொன்னதற்கு ஒரு சாட்சி. ரியோவில் கோபகபானா போயிருக்கிறேன். நாலு கிலோமீட்டர், ஓரமாகக் கறுப்பு வெள்ளைக் கல்லில் அலை அலையாகக் கோலம் போட்ட நடைபாதை, கூட்டம் நம் மெரினா மாதிரிதான், சுண்டலுக்குப் பதில் இளநீர். ஆஹா, கடவுள் கொடுத்த மணல் என்று நான் வியந்தபோது கூட வந்த பிரேசில் ஆள் சிரித்தான். அது 1970 வாக்கில் கடலிலிருந்து உறிஞ்சிக் கொட்டி அகலப்படுத்திய மணல். ஹவாயில் வைக்கிக்கியும் அப்படித்தான், வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டிக் கொட்டிக் காப்பாற்றுகிறார்கள். பேர்பெற்ற கடற்கரைக்குப் பின்னால் பாதி இடத்தில் ஒரு பம்ப் ஓடிக்கொண்டிருக்கும். நம் பக்கம் லாரி ஓடுகிறது, அதிலும் கல்.

வியாசை_பத்து:

நான் மாலத்தீவு போய் வந்தவன், கல்யாணமான புதுசில். இந்தியருக்கு அங்கே போய் இறங்கியதும் விசா, காசும் கிடையாது. ஜனவரி அருமையான மாதம், மழை ஓய்ந்து கடல் கண்ணாடியாக இருக்கும்.

எங்கள் கதையைக் கேளுங்கள். ஒரு டிராவல்ஸில் மொத்தமாகப் பணம் கட்டினோம், பேர் வேண்டாம். "தீவு ஹோட்டல், கடலோர ரூம், படகு உட்பட" என்றார்கள். வெள்ளிக்கிழமை போய் இறங்கினோம். அங்கே அரசுப் படகு வெள்ளிக்கிழமை ஓடாது என்பது எங்களுக்குத் தெரியாது, டிக்கெட் போட்டவருக்கும் தெரியாது போல. விமான நிலையமே ஒரு தனித் தீவு. வாசலைத் தாண்டினால் கடல், கையில் பெட்டி, போக வழியில்லை. ஸ்பீட் போட்டுக்கு அவன் சொன்ன தொகையைக் கொடுத்துத்தான் போனோம், ஊரில் நான் பத்து நாள் சம்பாதிக்கிற பணம். அங்கே போனால் கடலோர ரூம் என்றது கடலுக்கு இரண்டாவது தெருவில் இருந்தது. என் மனைவி இன்றைக்கும் வெள்ளிக்கிழமை என்றால் என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

அதை விட்டால் இடம் தங்கம். பணக்காரர் தங்குகிற தனித் தீவு வேறு, ஜனங்கள் குடியிருக்கிற மாஃபுஷி மாதிரித் தீவு வேறு. இரண்டாவதில் தங்கினால் நமக்குக் கட்டுப்படியாகும், மீன் சாப்பாடு, ஐந்து வேளைத் தொழுகைச் சத்தம், மது கிடையாது. நம் வீட்டுப் பெண்கள் சுடிதாரோடு கடலில் இறங்கினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், ஊர்ப் பெண்களும் அப்படித்தான் இறங்குகிறார்கள். மணல் வெள்ளை வெளேர் என்று இருக்கும், அதில் பெரும்பகுதி கிளி மீன் பவளத்தைக் கடித்துத் தின்று வெளியே போட்டது. ஆமாம், அதுதான். இதைச் சொன்னதிலிருந்து என் மனைவி அங்கே செருப்பைக் கழற்றவில்லை.

சில தீவுகளில் ராத்திரி அலை நீலமாக மின்னும் என்பார்கள், நுண்ணுயிரிகள் அசைந்தால் விடுகிற வெளிச்சம். நாங்கள் காத்திருந்த இரண்டு ராத்திரியும் மின்னவில்லை. 2019 ஆகஸ்டில் திருவான்மியூர்ப் பக்கம் அதே மாதிரி மின்னியது, அன்றைக்கு நான் நைட் ஷிஃப்ட்.

பழவண்ணை_மருமகள்:

இவ்வளவு பேர் எழுதியும் ஒருத்தரும் சொல்லவில்லையே என்று ஆச்சரியமாக இருக்கிறது. நான் பிறந்தது அந்தமானில் போர்ட் பிளேர், வாக்கப்பட்டது பழைய வண்ணாரப்பேட்டை. ஹேவ்லாக் தீவில் ராதாநகர் கடற்கரை இருக்கிறது, ஊர்க்காரர்கள் ஏழாம் நம்பர் பீச் என்பார்கள். 2004இல் டைம் பத்திரிகை ஆசியாவிலேயே சிறந்தது என்று எழுதியது, 2020இல் சுத்தமான கடற்கரைக்குக் கொடுக்கிற நீலக்கொடிச் சான்றிதழும் கிடைத்தது. 2018இலிருந்து தீவுக்கு ஸ்வராஜ் தீவு என்று பேர், போர்ட் பிளேருக்கும் ஸ்ரீ விஜயபுரம் என்று மாற்றிவிட்டார்கள், ஆனால் நீங்கள் பழைய பேரைச் சொன்னாலும் ஆட்டோக்காரருக்குப் புரியும்.

உங்கள் அப்பா கேட்டது அப்படியே அங்கே இருக்கிறது. இரண்டு கிலோமீட்டர் மணல், காட்டிலிருந்து தண்ணீர் வரை ஒரே சரிவாக, மெதுவாக இறங்கும். பின்னால் ஆகாயம் முட்டுகிற மஹுவா மரங்கள், வெயிலுக்கு அதன் நிழலில் உட்காரலாம். வண்டி கிட்டத்தட்ட மணல் வரைக்கும் போகும். மேற்கே பார்த்த கடற்கரை, அதனால் சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்கலாம். சென்னையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது புதுசு, நம் ஊரில் சூரியன் கடலிலிருந்து எழுந்து வருவதைத்தான் பார்ப்போம், இறங்குவது வியாசர்பாடிப் பக்கம். என் வீட்டுக்காரர் முதல் தடவை பார்த்தபோது, தப்பான திசையில் நிற்கிறோமோ என்று கேட்டார்.

எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். அந்தத் தீவுகளில் உப்புத் தண்ணீர் முதலை உண்டு. 2010இல் ராதாநகருக்குப் பக்கத்துச் சின்ன விரிகுடாவில் ஒரு அமெரிக்கப் பெண்ணை முதலை கொன்றது. அதனால் காவலர் இருக்கிற, குளிக்கலாம் என்று குறித்த இடத்தில் மட்டும் இறங்குங்கள், ஓடை கடலில் சேர்கிற மூலைக்குப் பாப்பாவை விடாதீர்கள். ஜனவரி நல்ல மாதம்தான், மழை இருக்காது.

இப்போது முக்கியமான விஷயம். போர்ட் பிளேருக்கு விமானத்தில் போனால் இரண்டே கால் மணி நேரம். ஆனால் சென்னைத் துறைமுகத்திலிருந்தே கப்பல் இருக்கிறது, மூன்று நாள் ஆகும். பங்க் என்று பொதுக் கூடம், அதற்கு மேல் கேபின் வகைகள். சொகுசுக் கப்பல் என்று கனவு காணாதீர்கள். ஊருக்குப் போகிற குடும்பங்கள், கட்டட வேலைக்குப் போகிற ஆட்கள், சாக்கு மூட்டை, சீட்டாட்டம், மெஸ்ஸில் வரிசை. ராத்திரி மேல் தளத்துக்குப் போனால் ஒரு விளக்கு கூட இல்லாத கடல், நட்சத்திரம் கொட்டிக் கிடக்கும். தேதி தள்ளிப் போவதும் உண்டு, அதனால் போக மட்டும் கப்பல், வருவதற்கு விமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பும் டிக்கெட்டுக்கு முன்னால் இரண்டு நாள் சும்மா விடுங்கள். கப்பல் டிக்கெட் ராஜாஜி சாலை அலுவலகத்தில் கேளுங்கள், அட்டவணை கொஞ்ச நாள் முன்னால்தான் வரும்.

அண்ணா, துறைமுகத்தில் 31 வருஷம் இருந்தவர் அங்கேயிருந்து ஒரு தடவையாவது கப்பலில் போயிருக்கிறாரா?

திருவொற்றியூர்க்காரன்:

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாக வீட்டில் இதே பேச்சுதான்.

இல்லை அக்கா, போனதில்லை. நீங்கள் கேட்டதை அப்படியே அவரிடம் கேட்டேன். "சரக்கு ஏத்துறவன் எதுக்குடா கப்பல் ஏறணும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, டி.வி. பார்த்துக்கொண்டே, "எந்த பெர்த்துல இருந்து எடுக்கறான்? ஜவகர் டாக்கா, வெஸ்ட் குவேயா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். அவரே யாருக்கோ போன் போட்டு அரை மணி நேரம் பேசினார். அம்மாவிடம் அந்தப் பழைய ஏர் பேக் எங்கே என்று விசாரித்ததாகக் கேள்வி.

எண்ணூர் சார், நீங்கள் எழுதியதையும் படித்துக் காட்டினேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "தெரியும்டா, செவுத்துல நின்னு பார்த்திருக்கேன், தெற்கால மணலு, வடக்கால தண்ணி" என்று மட்டும் சொன்னார்.

மச்சானுக்குத்தான் வருத்தம், வெளிநாடு போகவில்லை என்று. பாசிக்குடாவை அடுத்த வருஷம் மே மாதத்துக்கு எழுதி வைத்திருக்கிறேன், பெரம்பூர் மேடம், அப்போது வந்து தொல்லை கொடுப்பேன். வெள்ளிக்கிழமை கிளம்ப மாட்டேன் வியாசை ப்ரோ.

கடைசியாக ஒரு சந்தேகம் அக்கா. பாப்பாவுக்கு பஸ்ஸில் மஹாபலிபுரம் போனாலே வாந்தி வரும். மூன்று நாள் கப்பலில் எப்படிச் சமாளிப்பது? அப்பாவுக்குப் பங்க் போதுமா, கேபின் எடுக்கணுமா?

பழவண்ணை_மருமகள்:

மாத்திரையை டாக்டரிடம் வயதைச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள், ஏறுவதற்கு முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும், ஆட்டம் ஆரம்பித்த பிறகு கொடுத்தால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். வெறும் வயிறாக விடாதீர்கள், இட்லி, பன், உப்பு போட்ட எலுமிச்சைத் தண்ணீர் என்று கொஞ்சம் கொஞ்சமாக. உள்ளேயே படுத்திருந்தால்தான் அதிகம் குமட்டும், மேல் தளத்துக்குக் கூட்டிப்போய் தூரத்தில் தண்ணீரும் வானமும் சேர்கிற கோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் முதல் நாளோடு சரியாகிவிடும், மூன்றாவது நாள் கப்பலில் ஓடி விளையாடுகிற பிள்ளைகளை யாராலும் பிடிக்க முடியாது.

அப்பாவுக்குக் கேபின் எடுங்கள், கழிப்பறை தூரம் கம்மி. எடுக்கும்போதே கீழ்ப் படுக்கை என்று கேட்டு வாங்குங்கள், மேலே ஏற இரும்பு ஏணிதான், அந்த முட்டிக்கு ஆகாது.